ஐந்து தடவையும் 9.80: எங்கள் இயற்பியல் சாரைப் பற்றி

பழைய மாணவன்:

சார் போய்விட்ட செய்தி இந்நேரம் எல்லாருக்கும் வந்திருக்கும். இரங்கல் வரிகள் வேண்டாம். அவரிடம் கேட்டது, கற்றது, திட்டு வாங்கியது எதுவானாலும் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன். என் கதையில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

இரண்டாம் ஆண்டு பிராக்டிகல், தனி ஊசல் சோதனை. நீளத்தை மாற்றி மாற்றி, 20 அலைவுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் எடுத்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். ஒரு மீட்டர் ஊசலுக்கு 20 அலைவு கிட்டத்தட்ட 40 விநாடி. விடை 9.8 பக்கம் வர வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்த விடைக்கு எதற்கு ஊசலை ஆட்டிக்கொண்டு நிற்பது? ஃபார்முலாவில் பின்பக்கமாக நுழைந்து, வர வேண்டிய விநாடிகளைக் கண்டுபிடித்து, ரெக்கார்டு நோட்டில் முத்து முத்தாக எழுதிவிட்டேன். அரை மணியில் வேலை முடிந்தது.

சார் நோட்டை வாங்கினார். பக்கத்தைத் திருப்பவே இல்லை.

"ஐந்து தடவையும் 9.80 வந்திருக்கே. இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு தடவைகூட இப்படி வந்ததில்லை. இயற்கை உன்கிட்ட மட்டும் இவ்வளவு ஒழுங்கா நடந்துக்குதா?"

கிழிக்கவில்லை, கத்தவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சரி, ஆட்டு. நான் எண்ணுறேன்" என்றார். ஒரு மீட்டர் நூலில் மூன்று தடவை எடுத்தோம். 40.3, 39.8, 40.6. மூன்றும் மூன்று விதம். அதை அப்படியே எழுதச் சொன்னார். சராசரி எடுத்துக் கணக்குப் போட்டால் 9.76 வந்தது. "இதுக்குத்தான் மார்க்" என்று கையெழுத்துப் போட்டார். 9.79, 9.83 என்று கலந்து சமைத்த கெட்டிக்காரர்கள் அன்றைக்குத் தப்பித்துக்கொண்டது வேறு விஷயம்.

பழைய மாணவி, இப்போது ஆசிரியை:

சார் கேள்வி கேட்டுவிட்டு நிற்கிற நிற்பு நினைவிருக்கிறதா? சாக்பீஸை மேஜை விளிம்பில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்ப்பார். யாரும் வாய் திறக்காவிட்டாலும் அவர் திறக்க மாட்டார். எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். தண்டனை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோதுதான் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றிப் படித்தேன். வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டுப் பார்த்திருக்கிறார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை. அதை மூன்று விநாடியாக நீட்டினாலே மாணவர்களின் பதில் நீளமாகிறது, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள். 1970களில் வெளியான வேலை இது. சார் அதைப் படித்திருந்தாரா என்று ஒருமுறை போனில் கேட்டேன். "இல்லம்மா, எனக்கே பதில் யோசிக்க நேரம் வேணும், அதான் நிற்பேன்" என்றார். பாதி கிண்டல், பாதி நிஜம் என்று நினைக்கிறேன்.

நானும் வகுப்பில் முயன்று பார்க்கிறேன். மனசுக்குள் மூன்று எண்ணி முடிப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது.

ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர்:

எனக்கு நீளமா எழுத வராது. சார் என்னை ஒரு நாளும் ஒருமையில் கூப்பிட்டதில்லை. புது பேட்ச் வந்தால் முதல் நாள் என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, "கருவி பத்தி எதுவானாலும் முதல்ல இவரைக் கேளுங்க, அப்புறம் என்கிட்ட வாங்க" என்பார். அவ்வளவுதான்.

உடன் வேலை பார்த்தவர்:

எல்லாரும் நல்லதையே எழுதினால் அவருக்கே பிடிக்காது, அதனால் நான் கொஞ்சம் குறை சொல்கிறேன். மனிதர் மகா பிடிவாதம். துறைத் தலைவர் பதவி இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் வேண்டாம் என்றார். ஐந்து மணிக்கு மேல் மீட்டிங் வைத்தால் பாதியில் எழுந்துபோய்விடுவார். "பொண்ணு காத்திருப்பா." அந்தக் கோபத்தில் நான் அவரோடு இரண்டு மாதம் பேசவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளும் குறைவு. அவருடைய மூளைக்கு இன்னும் நிறைய எழுதியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

என் பிள்ளைகள் எப்போது வளர்ந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அதையும் எழுதிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர்:

எனக்கு இயற்பியல் தெரியாது. ஓய்வுக்குப் பிறகான அவரைத்தான் தெரியும். கடைசி நான்கைந்து வருடம் அவர் மனைவிக்கு மறதி நோய். முகங்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஒரு கேள்வி மட்டும் போகவில்லை. "பொண்ணு ஸ்கூல்லேர்ந்து வந்துட்டாளா?" பெண்ணுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது.

முதலில் சார் திருத்திக்கொண்டிருந்தார். "அவ ஸ்கூல் முடிச்சு எத்தனை வருஷம் ஆச்சு, அவளுக்கே ஒரு பொண்ணு இருக்கு" என்று பாடம் மாதிரி விளக்குவார். அம்மா பயந்துவிடுவார்கள், சில நாள் அழுவார்கள். டாக்டர், திருத்தாதீர்கள், அவர்கள் போக்கிலேயே பேசுங்கள் என்று சொல்லியிருக்கிறார். "வந்துட்டா, தூங்குறான்னு சொல்லிடுங்க சார், அதோட முடிஞ்சது" என்றேன் நான். அவரால் முடியவில்லை. ஒரு வாரம் போல அவர் முகமே சரியில்லை.

அப்புறம் ஒருநாள் மாடிப்படியில் நிறுத்திச் சொன்னார்: "கண்டுபிடிச்சுட்டேன். அவ கேக்கிறது நேரத்தை இல்லை, குழந்தை நல்லா இருக்காளான்னு கேக்கிறா." அன்றிலிருந்து ஒரே பதில்: "பத்திரமா இருக்கா. ராத்திரி பேசுவா." இரண்டுமே உண்மை. பெண் தினமும் இரவு போன் செய்வாள். ஒரு மத்தியானம் நான் அங்கே உட்கார்ந்திருந்த நேரத்துக்குள் பதினோரு தடவை கேட்டார்கள். பதினோரு தடவையும் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

மகள்:

தாமதமாக எழுதுகிறேன், மன்னியுங்கள். மூன்று மாதமாக இதையெல்லாம் படித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்பாவின் பொறுமையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எப்போதும் அப்படி இல்லை. அம்மாவைக் கடிந்துகொண்ட நாட்கள் உண்டு. அன்றைய இரவுகளில் போனில் குரல் கம்மியிருக்கும்.

1986இல் எனக்கு ஒன்பது வயது. விடிவதற்கு முன்னால் எழுப்பி, ஹாலி வால்நட்சத்திரம் காட்டுகிறேன் என்று மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனார். இரவல் பைனாகுலர். படத்தில் வருகிற மாதிரி நீண்ட வாலை எதிர்பார்த்திருந்தேன். விரலால் தேய்த்துவிட்ட சாக்பீஸ் புள்ளி மாதிரி ஏதோ மங்கலாகத் தெரிந்தது. "இதுக்கா எழுப்பினீங்க?" அந்த முறை அது உண்மையிலேயே மங்கல்தான், சூரியனுக்கு மிக அருகில் போன நாட்களில் பூமி எதிர்ப்பக்கம் இருந்தது. அதை அப்பா அன்றைக்கே விளக்கியிருப்பார். நான் தூங்கிவிட்டேன்.

9-12-2023, சனிக்கிழமை. அன்றைக்கு நாங்கள் எல்லாரும் அப்பா வீட்டில் இருந்தோம். ஹாலி தன் பாதையின் மிகத் தொலைவான முனையைத் தொடுகிற நாள் அது, இனி திரும்பி வரும் என்று என் பெண்ணிடம் சொன்னார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் இரண்டு குண்டூசி, ஒரு நூல் வளையம், பென்சில். சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரம் ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு நீள்வட்டம் போட்டார். ஏறக்குறைய 36 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் அகலம். சூரியனுக்கான குண்டூசி ஒரு முனையிலிருந்து 6 மில்லிமீட்டரில். எதிர்முனையில் புள்ளி வைத்துத் தேதி எழுதினார். நெப்டியூனுக்கும் அப்பால், விநாடிக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத வேகத்தில் ஊர்கிறது, சூரியனிடம் வரும்போது 54 கிலோமீட்டராகிவிடும் என்றார். அதற்குப் பெயர் தந்த வானியலாளர் ஹாலி, அது 1758இல் வரும் என்று கணித்துவிட்டு 1742இலேயே இறந்துபோனதையும் சொன்னார். அடுத்து 2061. என் பெண்ணுக்கு அப்போது நாற்பத்தொன்பது.

நடுவில் அம்மா கேட்டார்கள், பொண்ணு வந்துட்டாளா என்று. நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். அப்பா பென்சிலை வைத்துவிட்டுத் திரும்பினார். "பத்திரமா இருக்கா. இங்கேதான் இருக்கா." அம்மா என்னைப் பார்த்துவிட்டு, விருந்தாளியைப் பார்த்து சிரிப்பது மாதிரி சிரித்தார்கள்.

அம்மா அடுத்த வருடம் போனார்கள். அந்த டிசம்பரில் அப்பா நடுங்குகிற கையால் இரண்டாவது புள்ளியை வைத்தார். ஒரு வருடப் பயணத்துக்கு அந்தத் தாளில் சுமார் 2 மில்லிமீட்டர்.

மூன்றாவது புள்ளியை இந்த டிசம்பரில் என் பெண் வைத்தாள். இரண்டு தடவை ஸ்கேல் வைத்து அளந்தாள். இரண்டு தடவையும் ஒரே மாதிரி வரவில்லை என்று முகம் சுளித்தாள். இரண்டையும் ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறாள்.