வீட்டுச் சில்லறை வேலைகள்: நேரம் மிச்சமாக நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

மொட்டைமாடி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வீட்டில் சில்லறை வேலைகள் நிறையச் சேர்ந்துவிட்டன. குளியலறை டைல்ஸ் சுவரில் கண்ணாடி மாட்ட வேண்டும், பாத்திரம் கழுவும் தொட்டிக் குழாய் சொட்டுகிறது, படுக்கையறைக் கதவு தரையில் உரசுகிறது, அதே அறைக்குப் பெயின்ட்டும் அடிக்க வேண்டும். எதுவுமே ஆள் கூப்பிடும் அளவுக்குப் பெரிய வேலை இல்லை, கருவிகளும் ஓரளவுக்குக் கையில் இருக்கின்றன. ஆனால் வேலையை விட அதைச் சுற்றி வருகிற வேலைதான் நேரத்தைத் தின்கிறது. பென்சிலைத் தேடுவது, சரியான வாஷர் இல்லாமல் திரும்பவும் கடைக்கு ஓடுவது, சுவரில் ஓட்டை போட்டதும் விழுகிற தூளைக் கூட்டிக்கொண்டே இருப்பது, பிரஷ்ஷைக் கழுவுவது என்று பொழுது போய்விடுகிறது. இந்த வாரக் கடைசியில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்கிறேன். நீங்கள் கையால் செய்து பார்த்து, உண்மையிலேயே நேரம் மிச்சமான வழிகள் இருந்தால் சொல்லுங்கள். வீடியோக்களில் வருகிற வித்தைகள் வேண்டாம்.

ரசமட்டம்:

கண்ணாடியிலிருந்து ஆரம்பிக்கிறேன், எல்லாரும் அதிகம் தடுமாறுவது அங்கேதான். பின்பக்கம் மாட்டுவதற்கு இரண்டு துளை இருக்கிற மாதிரிக் கண்ணாடி என்றால் டேப் வைத்து அளந்து, சுவரில் மறுபடி அளந்து, கூட்டிக் கழித்துக்கொண்டு இருக்க வேண்டாம். ஒரு துண்டு மாஸ்க்கிங் டேப்பை இரண்டு துளைகளையும் மூடுகிற மாதிரி நீளமாக ஒட்டி, திருகாணி உட்கார வேண்டிய இடத்தில் பென்சில் முனையால் குத்துங்கள். டேப்பை உரித்து அப்படியே சுவரில் ஒட்டினால் இடைவெளி அச்சாக வந்துவிடும். ரசமட்டத்தை டேப்பின் ஓரத்தில் வைக்காதீர்கள், குத்திய இரண்டு புள்ளிகளையும் ஒட்டி வைத்துப் பாருங்கள். டேப் கோணலாக ஒட்டியிருக்கலாம், புள்ளிகள் நேராக இருந்தால் போதும்.

அந்த டேப் மேலேயே ட்ரில் செய்யலாம், டைல்ஸில் பிட் வழுக்காது. டைல்ஸுக்கென்று உள்ள பிட்டைப் போட்டு, ஹேமரை (ட்ரில் இடித்துக்கொண்டே சுற்றுகிற முறையை) அணைத்துவிட்டு, மெதுவான வேகத்தில் ஆரம்பியுங்கள். டைல்ஸைத் தாண்டிய பிறகுதான் சுவர் பிட்டை மாற்றி ஹேமர் போட வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே ஹேமர் போட்டால் டைல்ஸ் விரிசல் விட்டுவிடும், அப்புறம் அந்த ஒரு டைலை மாற்றுவதற்கே ஒரு நாள் போகும். ஆழத்துக்கு, பிளக்கை (திருகாணி பிடிப்பதற்காக ஓட்டைக்குள் அடிக்கிற பிளாஸ்டிக் குழல்) பிட் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அதைவிடக் கொஞ்சம் கூடுதலான இடத்தில் பிட்டைச் சுற்றி டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஓட்டைக்குள் தங்குகிற தூளுக்கும் இடம் வேண்டும், இல்லையென்றால் பிளக் பாதியில் நின்றுகொள்ளும்.

தூளுக்கு ஒரே வழி: ஓட்டை போடுகிற இடத்துக்குக் கீழே பழைய காகித உறை ஒன்றை வாய் திறந்தபடி டேப்பால் ஒட்டிவிடுங்கள். பெரும்பகுதி அதற்குள்ளேயே விழுந்துவிடும்.

இன்னொன்று, இது நேரத்துக்காக இல்லை, உயிருக்காக. சுவிட்சுக்கோ பிளக் பாயின்ட்டுக்கோ நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் ஓட்டை போடாதீர்கள். ஒயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும். குளியலறையில் தண்ணீர்க் குழாய்க்கும் இதே கணக்குதான்.

நீலவாளி:

குழாய்க்கு நான் சொல்கிறேன். முதலில் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். அடுத்து, தொட்டி ஓட்டையில் ஒரு துணியை அடைத்துவிடுங்கள், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சின்ன திருகாணி உள்ளே உருண்டு போனால் கீழே இருக்கிற வளைவுக் குழாயைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். கழற்றுகிற ஒவ்வொரு பாகத்தையும் ஒரு துண்டின் மேல் இடமிருந்து வலமாக வரிசையாக வையுங்கள், நடுநடுவே போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்துக்கொண்டே வந்தால் போதும், யோசிக்க வேண்டியதே இல்லை.

வாஷர் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். அளவு சொல்லி வாங்கினால் இரண்டாவது நடை நிச்சயம்.

கசியாமல் இருக்க மரையில் டெஃப்லான் டேப் (மெல்லிய வெள்ளை டேப்) சுற்றுவதாக இருந்தால், மரையின் முனை உங்களைப் பார்த்து இருக்கும்படி பிடித்துக்கொண்டு கடிகார முள் சுற்றுகிற திசையில் இழுத்துச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது டேப் பிரிந்து மேலே சுருண்டு வரும், கசிவும் நிற்காது, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான்.

அடைப்பு எடுக்கிற பவுடர், திரவம் பற்றி யாராவது சொல்வதற்கு முன் நான் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். அது வேலை செய்யாமல் போனால் குழாய் முழுக்கக் காரத் தண்ணீர் நிற்கும், அதற்குப் பிறகு யார் கழற்றினாலும் கையிலும் முகத்திலும் தெறிக்கும். கீழே வாளியை வைத்து வளைவுக் குழாயைக் கழற்றிக் கழுவுவது அதைவிடச் சீக்கிரம் முடிகிற வேலை. பிளீச்சிங்கையும் ஆசிட்டையும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும்.

மழைத்துளி:

பெயின்ட் அடிப்பதில் நேரம் போவது அடிப்பதில் இல்லை, முன்னால் மூடுவதிலும் பின்னால் கழுவுவதிலும்தான். சுவிட்ச் போர்டைச் சுற்றி டேப் ஒட்டிக்கொண்டு இருக்காதீர்கள். மெயினை அணைத்து, டெஸ்டரால் ஒரு முறை சோதித்துவிட்டு, மேல்மூடியைக் கழற்றிவிடுங்கள், இரண்டே திருகாணிதான். கதவுக் கைப்பிடிக்கு ஒரு பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டினால் போதும். ரோலர் தட்டுக்குள்ளும் பையை விரித்து அதன் மேல் பெயின்ட் ஊற்றுங்கள், முடிந்ததும் பையை உருவிப் போட்டுவிடலாம், தட்டைக் கழுவ வேண்டாம். டப்பா வாயின் குறுக்கே ஒரு ரப்பர் பேண்ட் மாட்டி அதில் பிரஷ்ஷை வழித்தால் விளிம்பில் பெயின்ட் சேராது, மூடியும் ஒட்டிக்கொள்ளாது.

முதல் கோட்டுக்கும் இரண்டாவது கோட்டுக்கும் நடுவில் பிரஷ்ஷையும் ரோலரையும் கழுவவே வேண்டாம். காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் உறையில் இறுக்கிச் சுற்றி வையுங்கள், தண்ணீரில் கரைகிற பெயின்ட் என்றால் மறுநாள் காலையில்கூட ஈரமாகவே இருக்கும். டேப்பை மட்டும் பெயின்ட் முழுசாகக் காய்கிறவரை விட்டுவைக்காதீர்கள், லேசாக ஈரம் இருக்கும்போதே சாய்வாக இழுத்து எடுங்கள். காய்ந்துவிட்டதென்றால் ஓரத்தில் பிளேடால் ஒரு கோடு கிழித்துவிட்டு எடுக்க வேண்டும், இல்லையென்றால் பெயின்ட்டும் தோலாக உரிந்து கூடவே வந்துவிடும்.

மிச்சப் பெயின்ட்டை ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, நிறத்தின் எண்ணையும் எந்த அறை என்பதையும் எழுதி ஒட்டிவிடுங்கள். பிறகு சுவரில் ஒரு கீறல் விழுந்தால் பெரிய டப்பாவைத் திறக்க வேண்டியதில்லை.

மொட்டைமாடி:

ரொம்ப நன்றி, உறை ஒட்டுகிற வழியும் ரோலர் தட்டில் பை விரிப்பதும் எனக்குப் புதுசு. கதவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? அடிப்பக்கத்தைச் சீவிவிடலாம் என்று இருக்கிறேன். அப்புறம் எந்த வேலையை முதலில் எடுப்பது?

தச்சுப்பட்டறை:

சீவாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். பூட்டுப் பக்கத்துக் கீழ் மூலை மட்டும் உரசினால் மேல் கீலின் திருகாணி தளர்ந்து கதவு சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கதவைக் கைப்பிடியோடு மேலே தூக்கிப் பாருங்கள், மேல் கீல் ஆடுவது கண்ணுக்கே தெரியும். திருகாணியை முறுக்கினாலும் சுற்றிக்கொண்டே இருந்தால் ஓட்டை பெரிதாகிவிட்டது. கதவுக்கு அடியில் ஆப்பு கொடுத்துத் தாங்கிவிட்டு, திருகாணியை எடுத்து, மருந்தில்லாத தீக்குச்சிகளை மரப்பசையில் தோய்த்து ஓட்டை நிறைய அடித்து, மட்டமாக நறுக்கிவிடுங்கள். பசை காய்ந்த பிறகு அதே திருகாணியைப் போட்டால் கவ்விப் பிடிக்கும். திருகாணி மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொண்டால் கை வலிக்காமல் உள்ளே போகும்.

கீல் சரியாகத்தான் இருக்கிறது, அப்படியும் உரசுகிறது என்றால் தரையில் ஒரு கார்பன் தாளை, மை பக்கம் மேலே இருக்கும்படி வைத்துக் கதவைத் திறந்து மூடுங்கள். எங்கே கறை பிடித்திருக்கிறதோ அங்கே மட்டும் உப்புத்தாள் போட்டால் போதும். மழைக்காலமாக இருந்தால் அதையும் தள்ளிப்போடுங்கள், ஈரத்தில் மரம் உப்பியிருக்கும், இப்போது சீவினால் வெயிலில் இடைவெளி விழும். தேய்த்த இடத்துக்குக் கட்டாயம் பெயின்ட்டோ வார்னிஷோ பூசிவிடுங்கள், பச்சை மரமாக விட்டால் அந்த வழியாகவே ஈரம் ஏறும்.

வரிசை கேட்டீர்கள். எது காய வேண்டுமோ அதை முதலில் செய்யுங்கள். சனிக்கிழமை காலையில் அறைச் சுவரில் இருக்கிற பள்ளங்களுக்குப் பட்டி வைத்துவிட்டு (ஆழமான பள்ளத்தை ஒரேயடியாக நிரப்பாமல் இரண்டு மெல்லிய தடவையாக வையுங்கள், அதுதான் சீக்கிரம் காயும்), அப்படியே கீல் ஓட்டையில் பசை வைத்துவிடுங்கள். அவை காய்கிற நேரத்தில் குழாயையும் கண்ணாடியையும் முடித்துவிடலாம். மதியம் பட்டியைத் தேய்த்துத் தூசி துடைத்துவிட்டு முதல் கோட், மறுநாள் இரண்டாவது கோட். கீல் திருகாணியை ஞாயிறு காலையில் போட்டுக்கொள்ளலாம், பசை நன்றாக இறுகியிருக்கும்.

ரசமட்டம்:

கண்ணாடி ஓரத்துக்கு சிலிக்கான் போடுகிற எண்ணம் இருந்தால் சனிக்கிழமை இரவு எல்லாரும் குளித்து முடித்த பிறகு போடுங்கள். இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே இழுப்பாக இழுத்து, மேலே ஆடை கட்டுவதற்குள் டேப்பை எடுத்துவிட வேண்டும். பழைய சிலிக்கான் இருந்தால் முழுசாகச் சுரண்டிவிடுங்கள், புதுசு அதன் மேல் ஒட்டாது. ட்யூபில் வேறு மாதிரி போடவில்லை என்றால் 24 மணி நேரத்துக்கு அந்த இடத்தில் தண்ணீர் படக் கூடாது, அதனால் ஞாயிற்றுக்கிழமைக் குளியலுக்கு வேறு ஏற்பாடு பார்த்துக்கொள்ளுங்கள்.