கூடாரத்தில் கழியும் இரவு: ஓய்வா, வேண்டாத வேலையா?

வீட்டுக்கிளி:
கூடாரம் அடித்துத் தங்குவது எனக்குப் பிடிக்காது என்று சொன்னவுடன், இயற்கையை ரசிக்கத் தெரியாதவர் என்று சிலர் தீர்ப்பு வழங்கிவிடுகிறார்கள். காட்டையும் மலையையும் பகல் முழுவதும் நடந்து பார்க்க நான் ஆயத்தமாகவே இருக்கிறேன். ஆனால் இருட்டிய பிறகும் அங்கேயே, முதுகில் கல் குத்த, ஈரத் துணியின் நாற்றத்தோடு படுத்துக் கிடந்தால் அந்த ரசனை எவ்வாறு கூடும் என்பதுதான் விளங்கவில்லை. விருப்பமுள்ளவர்கள் விளக்க வேண்டும்.

விடிவெள்ளி:
மாலையில் திரும்பிவிடுபவருக்குக் கிட்டாதவை இரவும் விடியலும்தாம், நண்பரே. இது வெறும் கவித்துவம் அன்று. கொலராடோ பல்கலைக்கழகத்தின் கென்னத் ரைட் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டுப் பேர் ஒரு வாரம் மின்விளக்கும் கைப்பேசியும் இன்றி, சூரிய ஒளியையும் தீமூட்டத்தையும் மட்டுமே நம்பி ராக்கி மலைப் பகுதியில் தங்கினார்கள். உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலடோனின், அவர்களுக்கு வழக்கத்தைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னதாகவே சுரக்கத் தொடங்கியது. கூடாரத்தில் சீக்கிரம் கண்ணயர்ந்து, அலாரம் இல்லாமலே விழிக்கும்போது உண்டாகும் தெளிவுக்காகவே பலர் மீண்டும் மீண்டும் போகிறார்கள்.

அரைத்தூக்கம்:
உடலின் கடிகாரம் முன்னே நகர்வது வேறு, நன்றாக உறங்குவது வேறு. பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் காட்டியபடி, புதிய இடத்தில் முதல் இரவு படுக்கும்போது மூளையின் இடப்பாதி வலப்பாதியளவு ஆழ்ந்து உறங்குவதில்லை. பழக்கமற்ற ஓசைகளுக்கு அது காவல் காப்பதைப் போல உடனே விழிப்படைகிறது. அந்த ஆய்வு அமைதியான ஆய்வுக்கூடத்தில் நடந்தது. மெல்லிய துணிச்சுவருக்கு அப்பால் சருகு மிதிபடும் ஓசை கேட்கும்போது நிலைமை என்னவாக இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானோர் ஓரிரு இரவுகள்தான் தங்குகிறார்கள், அதாவது உறக்கம் பழகுவதற்குள் ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

முளைக்குச்சி:
வெறுப்பவர்களில் பாதிப் பேர் வெறுப்பது கூடாரத்தை அன்று, தவறான ஏற்பாட்டை என்பது என் கருத்து. கனத்த உறக்கப்பை வாங்கிவிட்டால் குளிராது என்று நம்புகிறார்கள். உடலின் எடையால் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கி, அதற்குள் இருக்கும் காற்று வெளியேறிவிடுவதால், வெப்பம் தரைக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். அதைத் தடுப்பது உறக்கப்பையன்று, அடியில் விரிக்கும் காப்புப்பாய். அடுத்து, குளிருக்கு அஞ்சிக் கூடாரத்தின் காற்றுவழிகளை எல்லாம் அடைத்துவிடுகிறார்கள். மூச்சிலிருந்து வரும் நீராவி குளிர்ந்த துணியில் படிந்து, விடியும்போது சொட்டத் தொடங்குகிறது. உடனே கூடாரம் ஒழுகுகிறது என்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள்!

வீட்டுக்கிளி:
முளைக்குச்சி அவர்களே, இவ்வளவு கற்றுக்கொண்ட பிறகுதான் இன்பம் கிடைக்கும் என்றால், அதற்குப் பெயர் ஓய்வு இல்லை, பயிற்சி.

அடுப்படி:
இதுவரை எழுதிய எவரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன்: அங்கே சமைப்பது யார்? ஒரே குடும்பத்தில் ஒருவர் பரவசத்தோடும் மற்றவர் எரிச்சலோடும் திரும்புவதற்கு மனப்பாங்கைவிட வேலைப்பங்கீடே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். வீட்டில் குழாயைத் திருப்பினால் வரும் நீரை அங்கே சுமந்து வர வேண்டும். குனிந்தபடியே சமைத்து, குளிர்ந்த நீரில் பிசுக்கைக் கழுவி, இருட்டில் பிள்ளைகளைக் கழிப்பிடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தீமூட்டி விண்மீன் பார்த்தவருக்கு அது விடுமுறை. மற்றவருக்கு அதே வீட்டுவேலை, வசதிகள் மட்டும் பறிக்கப்பட்ட நிலையில். வேலை செய்தவர் முகம் சுளித்தால் அவருக்கு இயற்கை பிடிக்காது என்கிறார்கள்.

விடிவெள்ளி:
வேலைப்பங்கீட்டில் உள்ள அநீதியை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கூடாரம் பொறுப்பாகாது. நீர் சுமப்பதும் தீ வளர்ப்பதும் என் வரையில் இன்பத்துக்குக் கொடுக்கும் விலை அல்ல, அவையே இன்பம். அலுவலகத்தில் பல மாதம் உழைத்தும் கண்ணால் காண முடியாத பயனை, கொதித்து வரும் ஒரு பாத்திரம் நீரில் உடனே காண்கிறேன்.

அடுப்படி:
அதைத் தாமாக விரும்பிச் சுமப்பவர் சொல்லலாம். போகலாமா என்று கேட்கப்படாமலேயே அழைத்துச் செல்லப்பட்டவருக்கும், வேண்டாம் என்றால் திரும்பிவிடும் உரிமையோடு வந்தவருக்கும் அதே நீர் ஒரே எடையாக இருப்பதில்லை. அடுத்த பயணத்தில் அடுப்பையும் பாத்திரத்தையும் பிள்ளைகளையும் முழுமையாக ஏற்றுக்கொள்ளுங்கள். நான் தீயருகே அமர்ந்து விண்மீன்களைப் பார்க்கிறேன். எனக்கும் ஒருவேளை பிடித்துப்போகலாம்.

அரைத்தூக்கம்:
அப்போதும் எனக்கு உறக்கம் வராது. பகலில் உடன் வருகிறேன், இரவுக்கு அறை பார்த்துக்கொள்கிறேன்.