பழைய கார் கடனில் மோசடி என்று சந்தேகம்: வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். கடலூரில் வசிக்கும் நான், புதுச்சேரியில் பழைய கார் விற்பவர் ஒருவரிடம் 2018ஆம் ஆண்டு மாடல் ஸ்விஃப்ட் கார் வாங்கினேன். கடனையும் அவரே ஒரு நிதி நிறுவனத்தில் ஏற்பாடு செய்தார். பேசிய விலை 4,20,000 ரூபாய். முன்பணம் 1,00,000 போக, 3,20,000தான் கடன். ஆனால் பின்னர் கேட்டுப் பெற்ற ஒப்பந்த நகலில் கடன் 4,10,000 என்றும், தொகை முழுவதும் விற்றவரின் கணக்குக்கே சென்றதாகவும் உள்ளது.

அதைவிட மோசம், ஜாமீன்தாரர் பக்கத்தில் என் தந்தையின் கையெழுத்து ஆங்கிலத்தில் இருக்கிறது. ரேஷன் கடை முதல் பத்திரப்பதிவு வரை தமிழில் மட்டுமே கையெழுத்திடுபவர் அவர். அவர் புதுச்சேரிக்கு வரவேயில்லை.

ஆர்.சி.யில் (வாகனப் பதிவுச் சான்றில்) முந்தைய உரிமையாளருக்குக் கடன் கொடுத்த வங்கியின் பெயரும் இன்னும் நீக்கப்படவில்லை. அந்தப் பெயரை நீக்கத் தேவையான படிவம் 35, வங்கியின் தடையின்மைச் சான்று இரண்டையும் விற்றவரிடம் கேட்டால், "அடுத்த வாரம் சார்" என்பதே பதில்.

நிதி நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அளித்துள்ளேன். 30 நாளில் தீர்வு இல்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம் என்பது தெரியும். போலிக் கையெழுத்துக்கான காவல் புகாரைக் கடலூரில் கொடுப்பதா, புதுச்சேரியிலா? அதுவரை தவணையை நிறுத்தினால் சிபில் மதிப்பெண் (கடனைத் திருப்பிக் கட்டும் நம்பகத்தன்மைக்கான மதிப்பெண்) கெடுமே. ஆட்சேபத்தைப் பதிவு செய்துவிட்டுத் தொடர்ந்து கட்டுவது வழக்கைப் பலவீனமாக்குமா? அனுபவமுள்ளவர்களும் வழக்கறிஞர்களும் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.