விஎம்-ல் எக்ஸ்சேஞ்ச் 2019: டிஸ்க் கணக்கு எங்கே இடறுகிறது?

மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்ச் 2019-ஐ விஎம்-ல் (விர்ச்சுவல் மெஷின்) போடும்போது, 300 மெயில்பாக்ஸ், ஆளுக்கு 5 ஜிபி, ஆக 1.5 டிபி போதும் என்று கேட்டு வாங்குகிறார்கள். அது வெறும் கோட்டா (ஆளுக்கு அனுமதித்த அளவு) கணக்கு. அழித்த மெயில் 14 நாளும், அழித்த மெயில்பாக்ஸ் 30 நாளும் உள்ளேயேதான் கிடக்கும். தேடல் இன்டெக்ஸும் 2019-ல் டேட்டாபேஸுக்குள் வந்துவிட்டது. மெயிலை எவ்வளவு அழித்தாலும் இடிபி ஃபைல் (டேட்டாபேஸ் ஃபைல்) தானாகச் சுருங்காது. 20 சதவீதம் கூட்டி 1.8 டிபி என்று வையுங்கள். டிரைவில் காலியிடத்துக்கும் சேர்த்து 2.3 டிபி கேளுங்கள். டிஏஜி (வேறு சர்வர்களிலும் டேட்டாபேஸின் நகல் வைக்கும் ஏற்பாடு) இல்லாத இடத்தில் ஒரு டேட்டாபேஸ் 200 ஜிபியைத் தாண்டாமல் இருப்பது நல்லது, ரெஸ்டோர் சீக்கிரம் முடியும். அப்படியானால் 9 டேட்டாபேஸ் வரும். ஸ்டாண்டர்ட் எடிஷனில் 5-தான் மவுண்ட் ஆகும், அதாவது இயங்கும் நிலைக்கு வரும். லைசென்ஸை முதலில் பாருங்கள்.

---

மேலே சார் சொன்னதோடு லாக் (டேட்டாபேஸ் மாற்றங்களின் பதிவு) டிரைவையும் சேர்க்கணும். பெரும்பாலும் அடி விழுவது அங்கேதான். ஒரு லாக் ஃபைல் 1 எம்பி. நாளுக்கு 100 மெயில் புழங்கும் மெயில்பாக்ஸுக்கு 20 லாக் என்று பிடித்தால், 300 பேருக்கு 6,000 லாக், கிட்டத்தட்ட 6 ஜிபி. இதைப் பார்த்துவிட்டு 20 ஜிபி ஒதுக்குவார்கள். பிறகு பழைய சர்வரிலிருந்து மைக்ரேஷன் ஆரம்பிக்கும். நகர்த்தும் டேட்டா முழுக்க லாகிலும் எழுதப்படும். 100 ஜிபி நகர்த்தினால் லாகும் அதே அளவு. டிரைவ் நிரம்பியதும் டேட்டாபேஸ் டிஸ்மவுண்ட் ஆகிவிடும்.

அந்தப் பதற்றத்தில் லாக் ஃபைலைக் கையால் அழிக்கவே கூடாது. டேட்டாபேஸில் இன்னும் எழுதப்படாத லாக் அதில் போய்விட்டால் டர்ட்டி ஷட்டவுன், அதாவது டேட்டாபேஸ் அரைகுறையாக நின்ற நிலை; திரும்ப மவுண்ட் ஆகாது. பழைய லாகை நீக்குவது ஃபுல் பேக்கப்தான்; அது ஒரு வாரம் தோற்றாலும் தாங்குகிற மாதிரி 42 ஜிபி, அதோடு ஒரு மைக்ரேஷன் பேட்ச் (ஒரு தடவைக்கு நகர்த்தும் தொகுதி) அளவு, இரண்டையும் கூட்டி ஒதுக்குங்கள். பேட்சுக்கு நடுவில் ஃபுல் பேக்கப் ஓடட்டும். பழைய லாகைத் தானே நீக்கிவிடும் சர்குலர் லாகிங் போடலாம், ஆனால் கடைசி பேக்கப்புக்குப் பிறகு வந்த மெயிலை மீட்க வழியிருக்காது. மைக்ரேஷன் முடிந்த அன்றே அதை நிறுத்தி, ஒரு ஃபுல் பேக்கப் எடுத்துவிடுங்கள்.

---

விஎம்-களை ஓட்டும் விஎம்வேர் பக்கம்: என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழி ஃபைல் பகிர்வு) டேட்டாஸ்டோரில் எக்ஸ்சேஞ்ச் டேட்டாவை வைப்பதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை, விஎம்டிகே (விஎம்-இன் டிஸ்க் ஃபைல்) ஆக வைத்தாலும் சரி. ஃபைபர் சேனல் அல்லது ஐஸ்கஸி வழி ஸ்டோரேஜ் எடுங்கள். தின் ப்ரொவிஷன் (எழுத எழுத இடம் பிடிப்பது) வேண்டாம். டேட்டாஸ்டோர் நிரம்பினால் உள்ளே விண்டோஸில் காலியிடம் காட்டிக்கொண்டிருக்கும்போதே விஎம் நின்றுவிடும். தீர்வு, முழு இடத்தையும் முதலிலேயே பிடித்துவிடும் ஈகர் ஜீரோட் திக். டேட்டாபேஸ், லாக் டிஸ்குகளை பிவிஸ்கஸி (விஎம்வேரின் விர்ச்சுவல் டிஸ்க்) கன்ட்ரோலர்களில் பிரித்துப் போடுங்கள். ஃபார்மட் செய்யும்போது கிளஸ்டர் அளவு 64 கேபி. பலர் டிஃபால்ட் 4 கேபியிலேயே விட்டுவிடுகிறார்கள், டேட்டா ஏறிய பிறகு மாற்றுவது பெரும்பாடு. fsutil fsinfo ntfsinfo கட்டளையை டிரைவ் எழுத்தோடு ஓட்டினால் கிளஸ்டர் அளவு 65536 (பைட்) என்று வரணும். ஸ்னாப்ஷாட்டை (விஎம்-இன் அந்த நேர நிலைப் பதிவு) பேக்கப்பாக நம்பாதீர்கள்.

---

சி டிரைவை யாரும் சொல்லவில்லையே! மெயில் க்யூ (அனுப்பக் காத்திருக்கும் மெயில்) இயல்பாக எக்ஸ்சேஞ்ச் நிறுவிய டிரைவில்தான் இருக்கும். ஐஐஎஸ் (விண்டோஸின் வெப் சர்வர்) லாக் தானாக அழியாது, அதுவும் சி-யிலேயே குவியும். இடம் குறைந்தால் பேக் பிரஷர் (சர்வர் புது மெயிலை ஏற்க மறுக்கும் நிலை) வந்து, வெளியிலிருந்து அனுப்புபவருக்கு 452 4.3.1 என்று பதில் போகும். டேட்டாபேஸ் டிரைவில் இடம் தாராளமாக இருப்பதால் காரணம் சட்டென்று பிடிபடாது. ஈவென்ட் வியூவரில் 15006 இருக்கிறதா என்று பாருங்கள். சி-க்கு 200 ஜிபி கொடுத்து, 30 நாள் தாண்டிய ஐஐஎஸ் லாகை அழிக்க ஒரு ஷெட்யூல்டு டாஸ்க் போட்டுவிடுங்கள்.