இதயச் சிகிச்சைக்குப் பிறகு ஒரு நீர்விளையாட்டுப் பூங்காவில் நாங்கள் இருவரும்

கேரளத்தின் நடுப்பகுதியில், தேசிய நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே தங்கும் விடுதியோடு சேர்ந்து அமைந்த ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்கு ஐப்பசி மாதத்தில் நானும் என் கணவரும் சென்று வந்தோம். அந்த அனுபவத்தை விரிவாகவே எழுதுகிறேன். நடுத்தர வயதைக் கடந்த தம்பதியர், அதிலும் இருவரில் ஒருவருக்கு உடல்நலக் கட்டுப்பாடு இருந்தால், இத்தகைய இடங்களுக்குப் போகலாமா என்று என்னிடம் சிலர் கேட்டார்கள். தாராளமாகப் போகலாம் என்பதே என் பதில். ஆனால் அங்கே விற்கப்படும் தம்பதியர் பேக்கேஜ், கணவனும் மனைவியும் ஒரே மாதிரி உடல்வலுவோடு எல்லா ரைடுகளிலும் சேர்ந்தே ஏறுவார்கள் என்று எண்ணித் தயாரிக்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

நாங்கள் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் வசிக்கிறோம். வீட்டிலும் தோட்டத்திலும் தமிழ், தாலுகா அலுவலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் மலையாளம் என்று வாழ்கிறவர்கள். நான் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை, கணவருக்குத் தென்னந்தோப்பு. எங்களுக்குப் பொழுதுபோக்கு என்றாலே மலம்புழைதான். மலபார் சென்னை மாநிலத்தோடு இருந்த காலத்தில், 1955-இல் காமராசர் திறந்து வைத்த அணை அது. அதன் பூங்காவும், கானாயி குஞ்ஞிராமன் வடித்த யட்சி சிலையும், கம்பிவடப் பயணமும் பார்த்துப் பார்த்துப் பழகியவை. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது மேட்டுப்பாளையம் பிளாக் தண்டருக்கும், கொச்சிக்கு அருகில் 2000-இல் வீகாலாந்து என்ற பெயரில் தொடங்கிப் பிறகு வொண்டர்லா ஆன பூங்காவுக்கும் போயிருக்கிறோம். அப்போதெல்லாம் சோற்றுப் பொட்டலத்தோடு காலையில் போய் இரவே திரும்பிவிடுவோம். பூங்காவுக்குள்ளேயே தங்குவது இதுதான் முதல்முறை. கணவருக்கு இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, அவர் தேறி, மறுபடியும் தோப்புக்குப் போகத் தொடங்கிய மகிழ்ச்சியில் பெங்களூரில் இருக்கும் மகன் எங்களுக்காக முன்பதிவு செய்திருந்தான்.

மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம். நடக்கலாம், தண்ணீரில் இறங்கலாம், ஆனால் உடலைத் திடீரென்று குலுக்கும் எதிலும் ஏறக்கூடாது என்று அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். பயத்தில் இதயத்துடிப்பு சட்டென்று ஏறுவது ஒரு காரணம். இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை இன்னொரு காரணம். அந்த மாத்திரை எடுப்பவர்களுக்குச் சறுக்கில் தோளோ முட்டியோ இடித்துக்கொண்டாலே கன்றிப்போய்விடும், இரத்தம் நிற்கவும் நேரமாகும்.

வானிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மழை மறைவுப் பகுதி என்பதால், புறப்பட்ட அன்று காலையில் கொழிஞ்சாம்பாறையில் வெயில் சுள்ளென்று அடித்தது. குதிரான் சுரங்கப்பாதையைக் கடந்து திருச்சூர்ப் பக்கம் இறங்கியதுமே காற்றில் ஈரம் தெரிந்தது. துலாவர்ஷம் என்று இங்கே சொல்லும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கேரளத்தில் பெரும்பாலும் காலை தெளிவாக இருக்கும். பிற்பகலில்தான் மேகம் திரண்டு இடியோடு கொட்டும். மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் இந்தப் பருவத்தில் பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை மின்னலுக்கு எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது. விடுதியில் அறை கொடுப்பதும் அதே 2 மணிக்குத்தான் என்பதால், ஐப்பசியில் போகிறவர்கள் காலையிலேயே போய்ச் சேர்ந்து, பைகளை வரவேற்பறையில் ஒப்படைத்துவிட்டு நேராகப் பூங்காவுக்குள் நுழைந்துவிடுவது நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

நுழைவிலேயே முதல் தகராறு வந்தது. மகனுக்கு வந்த முன்பதிவுத் தாளில், தங்கும் விருந்தினருக்கு வந்த நாளும் மறுநாளும் பூங்கா அனுமதி உண்டு என்று எழுதியிருந்தது. கவுண்டரில் இருந்த இளைஞரோ ஒரு நாளுக்கு மட்டும்தான் கைப்பட்டை கொடுக்க முடியும் என்றார். எங்கள் பேச்சில் தமிழைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் என்று நினைத்து ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கியவரிடம், நான் அச்செடுத்து வைத்திருந்த தாளை நீட்டி, அந்த வரியை விரலால் காட்டி, மலையாளத்திலேயே நிதானமாகப் படித்துக் காட்டினேன். மேலாளரை அழைத்தார்கள், வெகுநேரம் நிற்க வைத்துவிட்டு, கடைசியில் மறுநாளுக்கும் சேர்த்துக் கையொப்பமிட்டுக் கொடுத்தார்கள். கைப்பேசியில் மட்டும் வைத்திருந்த ஒரு இளம் தம்பதி, சிக்னல் கிடைக்காமல் எங்களுக்குப் பக்கத்தில் தவித்துக்கொண்டிருந்தார்கள். முன்பதிவுத் தாளைக் கட்டாயம் அச்செடுத்துக் கொண்டு போங்கள்.

உடை விஷயத்தில் எனக்கு அவர்கள் மேல் குறை இல்லை. பருத்திச் சுடிதாரோடு நீரில் இறங்க விடுவதில்லை, நைலான் அல்லது பாலியெஸ்டர் உடைதான் வேண்டும். பருத்தி நீரை உறிஞ்சிக் கனத்துவிடும், அதன் நூல்பிசிறு வடிகட்டியில் போய் அடைக்கும், துப்பட்டாவும் நாடாவும் சறுக்கின் இணைப்பில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. முழங்கையும் கணுக்காலும் மறையும்படியான உடை அங்கேயே கடையில் கிடைக்கிறது, விலைதான் அதிகம். நம் ஊர்ச் சந்தையிலேயே வாங்கிப் போனால் பாதிக்கும் குறைவாக முடியும்.

மனம் கனத்துப்போனது அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு ரைடின் வாசலிலும் ஒரு பலகை இருக்கிறது. இதய நோய், இரத்த அழுத்தம், முதுகுத்தண்டு வலி, கர்ப்பம், அண்மையில் அறுவைச் சிகிச்சை என்று வரிசையாக எழுதி, இவர்களுக்கு அனுமதியில்லை என்கிறது. அது நியாயமான விதி. ஆனால் அந்தப் பலகையை ஒவ்வொரு வாசலிலும் நின்று என் கணவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். முப்பது அடித் தென்னையில் சரசரவென்று ஏறி இறங்கியவர் அவர். ஏதாவது ஒரு பலகையிலாவது தன் வியாதியின் பெயர் விட்டுப் போயிருக்காதா என்று தேடுவது போல இருந்தது.

உயரமான கோபுரத்திலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் குழாய்ச் சறுக்கின் அடியில் நின்று, “நீ போய்ட்டு வா கண்ணு, நான் இங்கயே உக்காந்திருக்கேன்” என்றார்.

“ஏனுங்க, வெயில்ல எங்க உக்காருவீங்க?” என்று கேட்டேன். உண்மையிலேயே உட்கார இடமில்லை. ரைடில் ஏறுபவர்களுக்கு வரிசை நெடுகக் கூரை போட்டிருக்கிறார்கள். இறங்கும் இடத்தில் காத்திருப்பவருக்கு நிழலும் இல்லை, பெஞ்சும் இல்லை. இருந்த ஒரே குடைமேசை ஐஸ்கிரீம் கடையைச் சேர்ந்தது, ஏதாவது வாங்கினால்தான் உட்காரலாம். அவர் என் செருப்பையும் மூக்குக்கண்ணாடியையும் கையில் பிடித்துக்கொண்டு, சுவரோரம் கிடைத்த ஒரு முழ நிழலில் நின்றார். நான் மேலே போய்ச் சறுக்கி இறங்கினேன். இத்தனை வயதில் அந்த வேகம் எனக்குப் பெரும் மகிழ்ச்சியாகவே இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. நீரைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவர் முகம் வெயிலில் சிவந்திருந்ததைப் பார்த்ததும், அடுத்த ரைடுக்குப் போகும் ஆசை போய்விட்டது.

எந்த ரைடிலும் ஏற முடியாதவருக்கும் முழுக்கட்டணம் வாங்குகிறார்கள். உயரம் குறைந்த குழந்தைக்குக் கட்டணத்தைக் குறைக்கத் தெரிந்த நிர்வாகம், துணைக்கு வரும் நோயாளிக்கும் முதியவருக்கும் தனிக் கட்டணம் வைத்தால் என்ன? குறைந்தபட்சம், ஒவ்வொரு ரைடின் முடிவிலும் ஒரு நிழற்கூரையும் குடிநீரும் இருக்க வேண்டும்.

மூன்று மணி வாக்கில் கிழக்கே இடி உருண்டது. சில நிமிடங்களில் விசில் ஊதி, எல்லாக் குளங்களிலிருந்தும் ஆட்களை வெளியே ஏற்றினார்கள். கோபுரப் படிகளில் நின்றவர்களையும் திருப்பி இறக்கினார்கள். மழை மட்டும் என்றால் நிறுத்தத் தேவையில்லை. மின்னல் நீர்ப்பரப்பில் இறங்கினால் அந்தக் குளத்தில் இருக்கும் எல்லோரையும் தாக்கும் என்பதால், கடைசி இடியோசை கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை யாரையும் நீரில் விடக்கூடாது என்பது பாதுகாப்பு நடைமுறை. இடி விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருந்ததால் அன்று மறுபடியும் திறக்கவே இல்லை. கட்டணத்தைத் திருப்பிக் கேட்டுப் பலர் கூச்சல் போட்டார்கள். ரைடுகளை நிறுத்திய ஊழியர்கள் செய்தது முழுக்கச் சரி என்பேன். ஆனால் இந்தப் பருவத்தில் இது அடிக்கடி நடக்கக்கூடியது என்பதை டிக்கெட் விற்கும்போதே சொல்ல வேண்டியது நிர்வாகத்தின் கடமை.

இரவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் கொடுத்த அறை ஜெனரேட்டருக்குப் பின்புறம் இருந்தது. கணவருக்கு இப்போது தூக்கம் முக்கியம் என்று சொன்னதும் முகம் சுளிக்காமல் வேறு அறைக்கு மாற்றினார்கள். பேக்கேஜில் இருந்த தோட்டத்து விருந்து மழையால் உணவுக்கூடத்துக்கு மாறியது. அங்கே ஒரு கம்பெனியின் ஆட்கள் பெரிய ஸ்பீக்கர் வைத்து ஆடிக்கொண்டிருந்ததால் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள முடியவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது: மட்டை அரிசிச் சோறு, மரவள்ளிக்கிழங்கு, புளி போட்ட மீன்குழம்பு, பதிமுகம் போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்பு வெந்நீர். உப்பு குறைத்துத் தனியாகக் கேட்டதற்குச் சமையற்காரரே வந்து எது எது சாப்பிடலாம் என்று காட்டினார். பால்கனியில் கொடி கட்ட வழியில்லாததால் ஈர உடைகள் விடியும்வரை காயவில்லை. ஒரு நைலான் கயிறும் சில கிளிப்புகளும் எடுத்துப் போவது உத்தமம்.

மறுநாள் காலை, செலவழித்த பணத்துக்கும் மேலாகவே எங்களுக்குக் கிடைத்தது. விடுதியில் தங்குபவர்கள் பூங்கா திறந்ததுமே உள் வழியாக நுழைந்துவிடலாம். சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேர வெகுநேரம் ஆகும். அலைக்குளம் ஏறக்குறைய காலியாக இருந்தது. அங்கே உயிர்காப்பாளராக நின்ற இளைஞர் எங்கள் சித்தூர் தாலுகாவிலேயே உள்ள முதலமடையைச் சேர்ந்தவர், எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழிலேயே பேசினார். கணவரின் உடல்நிலையை நான் சொன்னதும், “டாக்டர் தண்ணியில எறங்கலாம்னு சொல்லீருக்காருங்களா? அப்ப இந்தக் கம்பி ஓரமா உக்காருங்க ஐயா. அலை இங்க வரும்போது இடுப்புக்கு மேல ஏறாதுங்க” என்று இடம் காட்டி, உயிர்காப்பு உடுப்பையும் தானே மாட்டிவிட்டார்.

அலைக்குளத்தின் தரை கடற்கரையைப் போல மெல்லச் சரிந்து போகிறது. ஆழமான முனையில் இருக்கும் சுவருக்குப் பின்னால் அறைகள் உண்டு. அவற்றுக்குள் காற்றை விட்டுவிட்டு அழுத்தும்போது நீர் வெளியே தள்ளப்பட்டு அலையாகிறது. சங்கு ஊதிய சிறிது நேரத்தில் முதல் அலை வந்தது. கணவர் கால்களை நீட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அலை அவரை ஒரு சாண் தூக்கிப் பின்னால் நகர்த்தி இறக்கியது. அடுத்ததற்கு அவரே உடம்பைத் தளர்த்தி இடம் கொடுத்தார். அதற்கடுத்த அலையில் வாய்விட்டுச் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. சிரித்ததில் மூச்சு வாங்குகிறதா என்று பார்க்க நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். அவர் என் கையை உதறிவிட்டு, அலை வருது பாரு என்று சுவரைக் காட்டினார். உயிர்காப்பாளர் கடைசிவரை எங்களை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

பிறகு மெல்ல ஓடும் செயற்கை ஆற்றில் ஆளுக்கொரு டியூபில் உட்கார்ந்து, என் டியூபின் கைப்பிடியை அவர் பிடித்துக்கொள்ள, பூங்காவை ஒரு சுற்று வந்தோம். பம்புகள் நீரைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் கையோ காலோ அசைக்க வேண்டியதில்லை. இது அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. கரையோரம் நட்டிருந்த குட்டைத் தென்னைகளுக்கு உரம் போதவில்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். பள்ளிப் பேருந்துகள் வந்து கூட்டம் கூடியதும் கரையேறிவிட்டோம்.

அறையைக் காலி செய்யும்போது விருந்தினர் கருத்துத் தாளில் நிழற்கூரை, துணையாளர் கட்டணம், மின்னல் அறிவிப்பு ஆகிய எல்லாவற்றையும் மலையாளத்தில் முழுப்பக்கம் எழுதிக் கொடுத்தேன். அந்த முதலமடை இளைஞரின் கவனிப்பையும் பாராட்டி எழுதினேன். நடக்காமல் போன தோட்டத்து விருந்துக்கான தொகையை மகனின் கணக்குக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். துணையாளர் கட்டணத்தைப் பற்றி இதுவரை பதில் இல்லை. இடி மழை விட்டு, வெயில் கடுமையாகாத தை மாதத்தில் மறுபடியும் போவதாக இருக்கிறோம். அலைக்குளத்துக்கும் செயற்கை ஆற்றுக்கும் மட்டும் குறைந்த கட்டணத்தில் அனுமதி தருவார்களா என்று கேட்டு, நேற்று அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன்.