பாலிக் புலாவில் புது வீடு: சுவர் பூசுவதற்கு முன் எந்தெந்த ஒயரை இழுப்பது?

பாலிக் புலாவ் மருமகள்:

வணக்கம். பினாங்கின் பாலிக் புலாவில் என் மாமனார் விட்டுப்போன நிலத்தில் இரண்டு மாடி வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். செங்கல் சுவர், கூரை ஏறிவிட்டது. அடுத்த மாதம் சுவர் பூச்சு தொடங்கிவிடும் என்கிறார் கான்ட்ராக்டர். அதற்குள் லைட், திரைச்சீலை, கேட், கேமரா, டிவி எல்லாவற்றுக்கும் ஒயரிங் எப்படி என்று முடிவு பண்ண வேண்டும்.

இரண்டு பேரிடம் விலை கேட்டோம். ஒருவர், "எல்லாம் வைஃபை சுவிட்சுதான், தனியாகக் குழாய் எதுவும் வேண்டாம், வீடு முடிந்ததும் வந்து மாட்டித் தருகிறேன்" என்கிறார். இன்னொருவர் முழு வீட்டுக்கும் கேஎன்எக்ஸ் (லைட், திரைச்சீலை எல்லாவற்றையும் தனி ஒயரில் இணைத்து இயக்கும் முறை) போட 62,000 வெள்ளி (ரிங்கிட்) என்று குவோட்டேஷன் கொடுத்திருக்கிறார். எங்களிடம் அவ்வளவு இல்லை.

மாமியாருக்கு 78 வயது. ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து போகும்போது லைட் தானாக எரிய வேண்டும். ஆனால் அவர் கைபேசியைத் தொடவே மாட்டார், எல்லா அறையிலும் கைக்கு எட்டும் இடத்தில் சுவிட்சு இருந்தாக வேண்டும். கணவருக்கு மேல்மாடியில் சின்ன அறையில் படம் பார்க்க ஸ்பீக்கர் செட். சாமி அறையில் காலையில் பாட்டு ஒலிக்க வேண்டும் என்பது என் ஆசை.

இப்போதே எதற்குச் செலவு செய்ய வேண்டும், எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்? இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

செந்தூல் ஒயரிங்:

தங்கச்சி, நான் கோலாலம்பூரில் தனி வீடுகளுக்கு நெட்வொர்க், ஆடியோ ஒயரிங் செய்பவன். பூச்சுக்கு முன்பே கேட்டீர்களே, ரொம்ப நல்லது. பெரும்பாலும் டைல்ஸ் ஒட்டி, சாயம் அடித்த பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார்கள். அப்போது சுவரை உடைப்பதா, வெளியே டிரங்கிங் (ஒயரை மூடும் பிளாஸ்டிக் பட்டை) ஓட்டுவதா என்று சண்டைதான் நடக்கும்.

சுவிட்சு, ஆப், ஹப் (ஸ்மார்ட் சாமான்களை இணைக்கும் மையப் பெட்டி) எல்லாம் சில வருடங்களில் மாறிவிடும். சுவருக்குள் போகும் குழாயும் செம்பும் வீடு இருக்கும்வரை இருக்கும். அதனால் கையில் இருக்கும் காசை முதலில் சுவருக்குள் போடுங்கள். எந்த பிராண்டு என்பதைக் குடிபோகும் சமயத்தில் பேசிக்கொள்ளலாம்.

முதல் வேலை, ஒவ்வொரு சுவிட்சுப் பெட்டிக்கும் நியூட்ரல் ஒயர் (கரண்டு திரும்பிப் போகும் ஒயர்) இறக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் வழக்கமாகப் பெட்டிக்கு லைவும் (கரண்டு வரும் ஒயர்), லைட்டுக்குப் போகும் ஒயரும்தான் இறங்கும்; நியூட்ரல் மேலேயே நின்றுவிடும். லைட் அணைந்திருக்கும்போதும் ஸ்மார்ட் சுவிட்சு வேலை செய்துகொண்டிருக்க வேண்டும், அதற்கு நியூட்ரல் தேவை. நியூட்ரல் கேட்காத மாடலும் கடையில் கிடைக்கும். ஆனால் அது லைட் வழியாகவே கொஞ்சம் கரண்டை ஓடவிட்டுத்தான் உயிரோடு இருக்கும். 3 வாட், 5 வாட் எல்இடி மாட்டியிருந்தால், அணைத்த பிறகும் இருட்டில் மினுக்கிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு இழுத்தால் நியூட்ரலுக்குச் செலவு சொற்பம். பூச்சு காய்ந்த பிறகு காசு கொடுத்தாலும் ஒயர்மேன் தயங்குவார். பெட்டியும் 47 மில்லிமீட்டர் ஆழமுள்ளதாக இருக்கட்டும். ஆழம் குறைந்த பெட்டியில் ஸ்மார்ட் சுவிட்சை ஒயரோடு திணித்து மூட முடியாது.

அடுத்தது நெட்வொர்க். செங்கல் சுவரும் நடுவில் கான்கிரீட் தளமும் வைஃபையைத் தின்றுவிடும். மாடிக்கு ஒன்றாக, சீலிங்கில் வைஃபை ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபையைப் பரப்பும் சின்னப் பெட்டி) வைக்க இப்போதே கேட்6 (Cat6) நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடுங்கள். டிவி, கேமரா, படிப்பு மேசைக்கும் அதே கேட்6 போதும். எல்லாம் ஒரே இடத்தில் போய்ச் சேரட்டும். படிக்கட்டுக்கு அடியில் காற்றோட்டமுள்ள ஒரு அலமாரி போதும். ஃபைபர் போட வருகிறவர் வாசல் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். அதனால் வெளிச்சுவரிலிருந்து அந்த அலமாரிவரை ஒரு தனிக் குழாய் விட்டுவையுங்கள்.

கேபிள் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளிலும் சரி, இணையக் கடைகளிலும் சரி, கேட்6 என்று அச்சடித்த மலிவுப் பெட்டிகள் கிடைக்கும். ஒரு முனையை வெட்டி, உள்ளே இருக்கும் கம்பியைக் கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். முழுக்கச் சிவப்பாக இருந்தால் செம்பு. மேல்பூச்சு போனதும் வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம். கேமராவுக்குக் கரண்டும் இதே கேபிளில்தான் போகப்போகிறது. அலுமினியத்தில் தடை அதிகம், நீளமாக ஓடினால் வோல்டேஜ் விழுந்துவிடும்; ராத்திரி இன்ஃப்ராரெட் லைட் எரியும் நேரம் பார்த்து கேமரா அணைந்து அணைந்து வரும். வளைத்தால் ஒடியவும் செய்யும். பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே எடையில் தெரிந்துவிடும்.

கணவரின் அறைக்கு வருகிறேன். டிவிக்குப் பின்னாலிருந்து ஆம்ப்ளிஃபையர் நிற்கும் இடம்வரை 50 மில்லிமீட்டர் குழாய், உள்ளே பிறகு கேபிளை இழுக்க நைலான் கயிறு. திருப்பங்களில் எல்போ வேண்டாம், நீண்ட வளைவுதான் போட வேண்டும். 20 மில்லிமீட்டர் குழாயில் எச்டிஎம்ஐ கேபிளின் தலையே நுழையாது. 10 மீட்டரைத் தாண்டினால் சாதாரண செம்பு எச்டிஎம்ஐயில் 4கே 60 ஹெர்ட்ஸ் படத்தை நம்ப முடியாது, ஆப்டிக்கல் கேபிள் வேண்டும். அதில் பிளேயர் பக்கம் எது, டிவி பக்கம் எது என்று முனையில் எழுதியிருக்கும். திருப்பி இழுத்தால் படமே வராது. எந்த எச்டிஎம்ஐயையும் சுவருக்குள் நேரடியாகப் புதைக்க விடாதீர்கள், அது என்றைக்காவது மாற்ற வேண்டிய சாமான்.

ஸ்பீக்கர் ஒயர் இன்றைக்குத் தேவைப்படுவதைவிடக் கூடுதலாகவே போகட்டும். முதலில் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) மட்டும்தான் வாங்குவார் என்றாலும், பிளாஸ்டர் சீலிங் மூடும் முன் அட்மாஸுக்கு (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் முறை) மேலே நான்கு இடங்களில் ஒயரைச் சுருட்டி வைத்துவிடுங்கள்: உட்காரும் இடத்துக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. 14 கேஜ் போதும். சாமி அறைக்கும் அதே ஒயர் ஒன்று, விளக்குக்கு நேர் மேலே வராதபடி.

மாமியாரின் ராத்திரி லைட்டை ஆப், ஹப் எதோடும் சேர்க்காதீர்கள். கட்டிலிலிருந்து பாத்ரூம்வரை தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் சின்ன லைட்டுகள், அவற்றுக்கு மெயின் கரண்டிலேயே ஓடும், ஆள் நடமாட்டத்தை உணரும் சாதாரண பிஐஆர் சென்சார். இணையம் போனாலும் எரியும். சென்சாரைப் பாதைக்கு எதிரே வைக்காமல் பக்கச் சுவரில் வையுங்கள். நேராக வரும் ஆளைவிடக் குறுக்கே நடக்கும் ஆளைத்தான் அது சட்டென்று பிடிக்கும்.

பூச்சுக்கு முந்தின நாள் ஒவ்வொரு சுவரிலும் அளவு டேப்பை நீட்டிப் பிடித்துப் படம் எடுத்துவையுங்கள். பின்னாளில் டிவி பிராக்கெட்டுக்கு டிரில் போடும்போது அந்தப் படம்தான் காப்பாற்றும்.

சுங்கை ஆரா டீச்சர்:

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. குடியிருப்பவள் என்ற முறையில் என் அனுபவத்தையும் சொல்கிறேன், தங்கச்சி.

எங்கள் வீட்டில் கேஎன்எக்ஸ்தான். தொழில்நுட்பத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வெவ்வேறு கம்பெனிச் சாமான்கள் ஒன்றாக வேலை செய்கின்றன. ஆனால் போட்டுக்கொடுத்தவர் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். அவர் கேஎன்எக்ஸை புரோகிராம் செய்யும் இடிஎஸ் மென்பொருளில் செய்த புராஜெக்ட் கோப்பு எங்களிடம் இல்லை. ஹாலில் ஒரு பட்டனின் வேலையை மாற்ற வேண்டும் என்று வேறொருவரைக் கூப்பிட்டால், கோப்பு இல்லாமல் முழு வீட்டையும் முதலிலிருந்து புரோகிராம் செய்ய வேண்டியிருக்கும் என்கிறார். எங்கள் காசில் கட்டிய வீட்டின் சாவி இன்னொருவர் கையில் இருக்கிறது. கோபமாக வருகிறது. நீங்கள் எந்த முறையைப் போட்டாலும் சரி, கோப்பு, பாஸ்வேர்டு, ஒயரிங் வரைபடம் மூன்றும் கைக்கு வந்த பிறகுதான் கடைசித் தவணை என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

என் தங்கை வீட்டில் வைஃபை சுவிட்சு. ஒருநாள் விடியற்காலை கரண்டு போய்த் திரும்பி வந்ததும் வீடு முழுக்க லைட் எரிந்தது, குழந்தைகள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். கரண்டு திரும்பும்போது என்ன நிலைக்கு வர வேண்டும் என்பதற்கு ஒரு அமைப்பு உண்டு. மாட்டும் அன்றைக்கே அதை "அணைந்த நிலை" என்று வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், சாமி அறையிலும் அதன் வாசலிலும் புகை சென்சார் வேண்டாம். சாம்பிராணி போட்டால் அலறும். அங்கே வெப்ப சென்சார் வையுங்கள்.

பட்டர்வொர்த் ஒயர்மேன்:

ஒரு விஷயம் மட்டும். ஆட்டோமேஷன் ஆள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் மெயின் கரண்டில் அவர் கை வைக்கக் கூடாது. அது சுருஹான்ஜாயா தெனாகாவில் (மலேசிய எரிசக்தி ஆணையம்) பதிந்த கான்ட்ராக்டரும் ஒயர்மேனும் செய்ய வேண்டிய வேலை. 1994 மின்சார விதிமுறைப்படி வேலையை மேற்பார்த்து முடித்ததற்கு போராங் ஜி (ஜி படிவம்), சோதித்ததற்கு போராங் எச் என்று இரண்டு சான்றிதழ்கள் உண்டு, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டிபி பாக்ஸில் (வீட்டின் மெயின் சுவிட்சுப் பெட்டி) சர்ஜ் புரொடெக்டர் (இடி மின்னலில் வோல்டேஜ் திடீரென ஏறினால் காக்கும் சாமான்) வைக்க இடம் விடச் சொல்லுங்கள், நெட்வொர்க் அலமாரிக்குத் தனி எம்சிபி (கரண்டு அதிகமானால் தானாக விழும் சுவிட்சு). கூரை விசிறிக்கு லைட் டிம்மரை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்சு) போடவே கூடாது, முனகும், மோட்டார் சூடாகும்.

பாலிக் புலாவ் மருமகள்:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று சைட்டுக்குப் போய் நியூட்ரல் விஷயத்தைப் பேசிவிட்டேன், ஒயர்மேன் ஒத்துக்கொண்டார். கேஎன்எக்ஸ் வேண்டாம் என்றும் முடிவு செய்துவிட்டோம்.

அண்ணா, இரண்டு சந்தேகம். கீழே ஹாலில் டிவி வரும் இடத்தில் பாதி கான்கிரீட் தூண். அதில் 50 மில்லிமீட்டர் குழாய்க்கு வெட்ட முடியாது என்கிறார் கான்ட்ராக்டர். வேலைக்குச் சோம்பல்பட்டுச் சொல்கிறாரா? இன்னொன்று, வீட்டிலிருந்து கேட் வரை கிட்டத்தட்ட 40 மீட்டர். அங்கே கேமராவும் அழைப்பு மணியும் வேண்டும். கேட்6 போதுமா?

செந்தூல் ஒயரிங்:

கான்ட்ராக்டர் சொன்னது முழுக்கச் சரி, தங்கச்சி. தூணையும் பீமையும் வெட்டவே கூடாது. உள்ளே கம்பி இருக்கிறது, வீட்டின் பாரத்தைத் தாங்குவது அதுதான். நேரே சொன்ன மனிதரை விட்டுவிடாதீர்கள். டிவிக்குப் பின்னால் மரச்சட்டம் அடித்து ஒரு போலிச் சுவர் எழுப்புங்கள், 8 செண்டிமீட்டர் முன்னால் வந்தால் போதும். குழாய், பிளக், பெட்டி எல்லாம் அதற்குள் அடங்கும், பிறகு திறந்து பார்க்கவும் வசதி. பிராக்கெட் திருகு மட்டும் பலகையில் நிற்காமல் பின்னால் இருக்கும் சுவரைப் பிடிக்க வேண்டும்.

கேட்டுக்கு 40 மீட்டர் என்றால் கேட்6 தாராளமாகப் போகும், 100 மீட்டர்வரை கணக்கு. ஆனால் வீட்டுக்கு வெளியே மண்ணில் போகும் செம்பு எனக்குப் பிடிக்காது. பக்கத்தில் இடி விழுந்தால் அந்தக் கம்பி வழியாகவே வீட்டுக்குள் ஏறி, அலமாரியில் இருக்கும் சுவிட்சு, ரௌட்டர், டிவி எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் அப்படிச் செத்த பெட்டிகளை நான் கழற்றிக்கொண்டேதான் இருக்கிறேன். ஃபைபர் போடுங்கள், கண்ணாடியில் கரண்டு ஏறாது. கேட் மோட்டாருக்கு எப்படியும் கரண்டு அங்கே போகிறது, அதிலிருந்தே கேமராவுக்கும் எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கரண்டு லைனுக்கும் ஒரு சர்ஜ் புரொடெக்டர் வேண்டும். இரண்டுக்கும் தனித்தனிக் குழாய்.

கேட் பக்கம் குழாய் முனையைத் திறந்து விடாதீர்கள். எறும்பும் பல்லியும் குழாய் வழியாகவே மோட்டார் பெட்டிக்குள் போய் போர்டில் குடியேறிவிடும், அப்புறம் கேட் தானாகத் திறக்கும். ஒயர் இழுத்து முடிந்ததும் முனையைச் சிலிக்கான் வைத்து அடைத்துவிடச் சொல்லுங்கள். போலிச் சுவருக்குச் சட்டம் அடிக்கும் முன் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், பிளக் பாயிண்ட் எங்கே வர வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.