பாட்டிலோட சேர்த்து

குழு: நம்ம வீட்டு ஆளுங்க
சனிக்கிழமை, இரவு 8:04

நான்: அக்கா, அண்ணா, ரெண்டு பேரும் இருக்கீங்களா? மேற்படிப்பு விண்ணப்பத்துல எந்த ஆராய்ச்சியில ஆர்வம்னு ஒரு பக்கம் எழுதணும். நாளைக்குக் கடைசி நாள். நீங்க என்ன பண்றீங்கன்னு முதல்ல எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்களேன்

அம்மா: எனக்கும் சேர்த்துச் சொல்லுங்க. யாராவது கேட்டா பெரியவ எண்ணெய்த் தண்ணியில பிஎச்டி, அவன் நர்சிங்ல பிஎச்டின்னு சொல்றேன். அடுத்த கேள்வி வந்தா பதில் தெரியல

பெரியப்பா: எண்ணெய் தண்ணியில மிதக்கும். மேலாக வழிச்செடுத்தா வேலை முடிஞ்சுது. வொர்க்‌ஷாப்ல முப்பது வருஷம் அதைத்தான் பார்த்தேன். அதுக்கு அஞ்சு வருஷப் படிப்பா? தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்மா

அக்கா: நல்ல கேள்வி பெரியப்பா. மிதக்கற எண்ணெய்க்கு நீங்க சொல்றதுதான் சரி. பெரிய தொட்டியில தண்ணியை மெதுவா ஓட விட்டா தானா மேல வந்துரும். ஆனா எவ்வளவு நேரத்துல வரும்ங்கறதுதான் விஷயம்

அக்கா: ஸ்டோக்ஸ்ங்கற விஞ்ஞானி 1851லயே கணக்குப் போட்டு வச்சிருக்கார். துளியோட விட்டம் பத்துல ஒரு பங்கா குறைஞ்சா மேல ஏறுற வேகம் நூறுல ஒரு பங்காயிடும். தண்ணியை விடப் பத்து சதவீதம் லேசான எண்ணெய்னு வச்சுக்கோங்க. மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. 150 மைக்ரான் துளி ஒரு மீட்டர் ஏற சுமார் 14 நிமிஷம். 15 மைக்ரான் துளிக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள். 1.5 மைக்ரான்னா மூணு மாசம்

பெரியப்பா: மூணு மாசமா!

அக்கா: அதுவும் தண்ணி துளிகூட அசையாம இருந்தாத்தான். நிஜத்துல அது ஏறவே ஏறாது. நீங்க லேத்துல ஊத்துவீங்களே கூலன்ட், பால் மாதிரி வெள்ளையா இருக்குமே, அதுக்குள்ள இருக்கறது இந்தக் குட்டித் துளிங்கதான். தண்ணியோட கலந்தே இருக்கணும்னு சோப்பு மாதிரி ஒரு பொருளைச் சேர்த்துத்தான் அதைத் தயாரிக்கறாங்க. வேலை முடிஞ்சு கழிவாப் போகும்போதும் அது பிரிய மாட்டேங்குது

பெரியப்பா: ஆமா. டிரம்ல மாசக்கணக்கா கிடக்கும், அப்படியே வெள்ளையாத்தான் இருக்கும். கெட்டுப் போய் நாத்தம் வருமே தவிர தெளியாது. ஏன்னு அன்னைக்கு யாரும் சொல்லல

அக்கா: ஒவ்வொரு துளி மேலயும் ஒரே வகை மின்னூட்டம், நெகட்டிவ், இருக்கு பெரியப்பா. ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டே இருக்கும், சேர்ந்து பெருசாகாது. படிகாரமோ இரும்பு உப்போ போட்டா அந்த மின்னூட்டம் அடங்கும், துளிங்க ஒட்டிக்கும். அப்புறம் அழுத்தத்துல காத்தைக் கரைச்ச தண்ணியை உள்ள விட்டா பொடிப் பொடியா குமிழி வந்து அதையெல்லாம் மேல தூக்கிட்டு வரும். பல ஆலைகள்ல இப்படித்தான் நடக்குது

அம்மா: அப்ப வழி இருக்கில்ல? நீ எதுக்குப் புதுசாத் தேடற?

அக்கா: மேல வர்றது சகதிம்மா. உப்பும் எண்ணெயும் கலந்த சகதி. தண்ணியில இருந்த அழுக்கு சகதிக்குப் போச்சு, அவ்வளவுதான். அதை எங்க கொண்டுபோய்க் கொட்டறது? அதனாலதான் நான் வடிகட்டிச் சவ்வு பக்கம் வந்தேன். ரசாயனம் போடாம தண்ணியை மட்டும் வெளிய விட்டு எண்ணெயை நிறுத்தற மாதிரி

நான்: காபி வடிகட்டற மாதிரியா அக்கா?

அக்கா: அப்படி வடிகட்டினா எண்ணெய் சவ்வுல அப்பிக்கும். கொஞ்ச நேரத்துல ஓட்டையெல்லாம் அடைஞ்சுரும். அங்கதான் மீன் வருது. எண்ணெய் கலந்த தண்ணியில நீந்தற மீனோட செதில்ல எண்ணெய் ஒட்டாது. 2009ல சீன விஞ்ஞானிகள் அதை ஆராய்ஞ்சாங்க. செதில் தண்ணியை விரும்பற பொருள். அதோட ரொம்ப நுண்ணிய அளவுல சொரசொரப்பு. அந்த மேடு பள்ளத்துல ஒரு தண்ணிப் படலம் எப்பவும் தங்கியிருக்கு, அதைத் தாண்டி எண்ணெய் செதிலைத் தொட முடியல. அதே மாதிரி ஒரு மேற்பரப்பைச் சவ்வு மேல உண்டாக்கறதுதான் என் வேலை

அம்மா: இதை ஏன்டி இத்தனை நாள் சொல்லல. எவ்வளவு அழகா இருக்கு

சித்தி: டியூட்டி முடிச்சு இப்பத்தான் பார்க்கறேன். அவ சொன்னது புரிஞ்சுது. இவன் விஷயத்துக்கு வர்றேன். டேய் கண்ணா, பொம்மையைப் படுக்க வச்சு நர்சிங் சொல்லித் தரலாமான்னு ஆராய்ச்சின்னு உங்கம்மா சொன்னா. இருபத்திரண்டு வருஷமா வார்டுல இருக்கேன். பொம்மைக்கு வலிக்காது, பயப்படாது, ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சுத் திணறாது. அதுகிட்ட என்னத்தைக் கத்துக்கறது?

அண்ணன்: சித்தி, இந்தக் கேள்விதான் என் தீசிஸோட முதல் அத்தியாயமே

அண்ணன்: பொம்மை மூச்சு விடும் சித்தி. நாடி துடிக்கும், ரத்த அழுத்தம் இறங்கும், பக்கத்து அறையிலிருந்து நாங்க மைக்ல பேசினா அது பேசும். ஆனா உங்க சந்தேகம் அதனால தீராதுன்னு தெரியும். அமெரிக்காவுல 10 நர்சிங் கல்லூரிகளைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு, 2014ல முடிவு வந்துச்சு. மருத்துவமனைப் பயிற்சி நேரத்துல பாதி வரைக்கும் சிமுலேஷனா, அதாவது நிஜ வார்டு மாதிரி அமைச்ச பயிற்சியா மாத்தின மாணவர்களையும் மாத்தாதவங்களையும் படிப்பு முடியற வரைக்கும் பார்த்தாங்க. வேலைக்குப் போன முதல் ஆறு மாசமும் பார்த்தாங்க. பெரிய வித்தியாசம் இல்ல

சித்தி: பாதியா? நம்ப முடியல

அண்ணன்: ஒரு நிபந்தனை இருக்கு. சொல்லித் தர்றவங்களுக்கு அதுக்குன்னே பயிற்சி இருக்கணும், ஒவ்வொரு தடவையும் முடிச்ச பிறகு உட்கார்ந்து முறையாப் பேசணும். டீபிரீஃபிங்னு சொல்றது. பொம்மையை வாங்கி வச்சுட்டா போதும்னு பல பேர் நினைக்கறாங்க. எனக்கு வருத்தமே அங்கதான். ஆய்வோட பாதி வரியைப் படிச்சுட்டு மருத்துவமனை நேரத்தைக் குறைக்கறாங்க, மீதி வரியை விட்டுடறாங்க

சித்தி: சரி, இதைக் கேளு. போன மாசம் ஒரு புதுப் பொண்ணு. படிப்புல முதல் மார்க். ஒரு நோயாளிக்கு மருந்து குடுத்தா, கை கழுவினா, பேரைக் கேட்டுச் சரிபார்த்தா, சார்ட்ல எழுதினா. ஒண்ணுகூட விடல. ஆனா அந்தம்மா மூச்சு வேகமா இழுக்கறதைப் பார்க்கல. மூச்சு எண்ணிக்கை எழுதற இடத்துல முந்தின ஷிஃப்ட்ல எழுதினதையே எழுதியிருந்தா. நான் தற்செயலா அந்தப் பக்கம் போனதால தெரிஞ்சுது. இதை உன் பொம்மை சொல்லிக் குடுக்குமா?

அண்ணன்: அந்தம்மா எப்படி இருக்காங்க சித்தி?

சித்தி: பொழைச்சுட்டாங்க. நேரத்தோட பார்த்தோம்

அண்ணன்: நல்லவேளை

அண்ணன்: சித்தி, நீங்க சொன்னதுதான் என் ஆராய்ச்சி. உடம்பு மோசமாகப் போகுதுன்னு முதல்ல காட்டிக் குடுக்கற அடையாளங்கள்ல மூச்சு வேகம் முக்கியமானது. சரியா எண்ணாம விடப்படறதும் அதுதான். நர்ஸ் எப்படி முடிவு எடுக்கறாங்கன்னு கிறிஸ்டின் டேனர்ங்கற பேராசிரியை 2006ல ஒரு மாடல் குடுத்தாங்க. கவனிக்கறது, அதுக்கு அர்த்தம் புரிஞ்சுக்கறது, செயல்படறது, பிறகு யோசிச்சுப் பார்க்கறது. நாங்க தேர்வுல மார்க் போடறது மூணாவதுக்கு மட்டும்தான். முதல் படிக்குச் செக்லிஸ்ட்ல கட்டமே கிடையாது

நான்: அப்ப அந்தப் பொண்ணுக்கு உங்க தேர்வு வச்சா?

அண்ணன்: முழு மார்க் வாங்கியிருப்பா. அதுதான் பயமா இருக்கு. என் முதல் வருஷ டேட்டாவும் அப்படித்தான் வந்துச்சு. சிமுலேஷனுக்கு முன்னாடி மார்க் குறைவு, பின்னாடி ரொம்ப அதிகம். கட்டுரை எழுதவே ஆரம்பிச்சுட்டேன். கைடு ரெண்டு கேள்வி கேட்டாங்க. சொல்லிக் குடுத்ததும் நீ, மார்க் போட்டதும் நீ, இதை எப்படி நம்பறது? மூணு மாசம் கழிச்சு மறுபடி கேட்டியா?

அம்மா: கேட்டியா?

அண்ணன்: கேட்டேன்மா. இதயம் நின்னா மார்பை அழுத்தற பயிற்சியே சில மாசத்துல கை மறந்துரும்னு முன்னாடியே தெரியும். இங்கயும் மார்க் நல்லாவே இறங்கிருச்சு. இப்ப யாருக்கு எந்தப் பயிற்சின்னு தெரியாத ரெண்டு பேர் வீடியோ பார்த்துத் தனித்தனியா மார்க் போடறாங்க. முடிவு முன்ன மாதிரி பளபளன்னு இல்ல. ஆனா டீபிரீஃபிங்ல "நீ முதல்ல என்ன பார்த்த?"ன்னு கேட்ட குழு மட்டும் மூணு மாசத்துக்கு அப்புறமும் கொஞ்சம் தாக்குப்பிடிக்குது. "நீ என்ன தப்பு பண்ண?"ன்னு கேட்ட குழுவுக்கு அது இல்ல. சின்ன குழுக்கள்தான், இதை வச்சு உறுதியாச் சொல்ல மாட்டேன்

அக்கா: தம்பி, உனக்கு நடந்ததேதான் எனக்கும் நடந்துச்சு. இங்க யார்கிட்டயும் சொல்லல

பெரியப்பா: என்னம்மா ஆச்சு?

அக்கா: தண்ணியில எண்ணெய் எவ்வளவுன்னு பார்க்க ஒரு முறை இருக்கு. கண்ணாடி பாட்டில்ல தண்ணியை எடுத்து, அமிலம் விட்டு, ஹெக்சேன்ங்கற எண்ணெய் கரைக்கற திரவத்தை ஊத்திக் குலுக்கினா எண்ணெய் ஹெக்சேனுக்கு வந்துரும். அதை ஆவியாக்கி மிச்சத்தை எடை போடணும். இதுல ஒரு படி, பாட்டிலையும் ஹெக்சேன் ஊத்தி அலசி அதையும் சேர்க்கணும். எண்ணெய் கண்ணாடியில ஒட்டிக்கும்ல? நான் முதல் நாலு மாசம் அலசல

அக்கா: சவ்வு வழியா வந்த தண்ணியில இருக்கறதே கொஞ்சூண்டு எண்ணெய். அதுவும் சுவத்துல ஒட்டிட்டா தராசுல என்ன வரும்? கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லன்னு வரும். என் சவ்வு எல்லாத்தையும் விட நல்லா வேலை செய்யுதுன்னு நினைச்சுட்டு இருந்தேன். கப்பல் அடித்தளத்துல சேர்ற தண்ணியைக் கடல்ல விட சர்வதேச விதிப்படி பத்து லட்சத்துல 15 பங்குதான் எண்ணெய் இருக்கலாம். அந்த அளவுல பேசும்போது பாட்டில் சுவத்துல இருக்கறதைக் கணக்குல விட்டா எல்லாமே பொய்

அம்மா: அப்பத்தான் ஒரு வாரம் போன் எடுக்காம இருந்தியா?

அக்கா: ஆமாம்மா

அம்மா: சொல்லியிருக்கலாம்ல

அக்கா: சொல்ற தைரியம் அப்ப வரல. நாலு மாச டேட்டாவையும் தூக்கிப் போட்டுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன்

சித்தி: அந்தப் புதுப் பொண்ணும் அன்னைக்கு டியூட்டி ரூம்ல ஒரு மணி நேரம் அழுதா. திட்ட வந்தவ திட்டாம உட்கார்ந்துட்டேன். இப்ப அவ மூச்சை முழு ஒரு நிமிஷம் கடிகாரம் பார்த்து எண்ணறா

அண்ணன்: உட்கார்ந்து என்ன கேட்டீங்க சித்தி?

சித்தி: உள்ள போனதும் முதல்ல என்னம்மா பார்த்தேன்னு கேட்டேன். மருந்துத் தட்டைப் பார்த்தேன் சிஸ்டர்னா

அண்ணன்: சித்தி, இதை என் தீசிஸ்ல எழுத முடியாது. ஆனா இன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வராது

இரவு 9:31

நான்: அக்கா, இன்னும் ஒண்ணு. உன் சவ்வு இப்ப வேலை செய்யுதா இல்லையா?

அக்கா: நான் லேப்ல கலந்து வச்ச எண்ணெய்த் தண்ணிக்கு வேலை செய்யுது. சுத்தமான எண்ணெய், அளந்து போட்ட சோப்பு, நல்ல தண்ணி. நிஜக் கழிவுல உலோகத் துகள், துரு, பாக்டீரியா, ரெண்டு மூணு வகை சோப்பு எல்லாம் இருக்கும். அது வந்ததும் சவ்வு திணறுது. நிறைய கட்டுரைங்க லேப் தண்ணியோட நின்னுடும். எனக்கு அப்படி நிறுத்த மனசில்ல

சித்தி: இவனோட பொம்மைதான் உன்னோட லேப் தண்ணி

அக்கா: அதேதான் சித்தி

அண்ணன்: அதனாலதான் சித்தி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நோயாளியா நடிக்க ஆளைப் பழக்கற முறை 1963லேர்ந்து இருக்கு. ஹோவர்ட் பாரோஸ்னு ஒரு நரம்பியல் மருத்துவர் ஆரம்பிச்சது. பொம்மைக்குப் பதிலா ஒரு சுற்று அப்படி வைக்கப் போறேன். மூச்சு மோசமாகிற நோயாளி எப்படிப் பேசுவாங்க, எந்த வார்த்தையில நிறுத்துவாங்கன்னு நடிக்கறவங்களுக்கு நீங்க சொல்லித் தர முடியுமா?

சித்தி: நீளமாப் பேச மாட்டாங்கடா. ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்துவாங்க. தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொல்வாங்க. எதுவும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்னு சொல்வாங்க, அதைத்தான் முதல்ல சொல்லித் தரணும். வர்ற புதன் எனக்கு ஓய்வு. வர்றேன்

பெரியப்பா: பெரியவளே, என் பழைய வொர்க்‌ஷாப்ல கழிவுக் கூலன்ட் டிரம் டிரம்மா இருக்கு. உனக்கு நிஜத் தண்ணிதானே வேணும்? கேட்டு வாங்கித் தர்றேன்

அக்கா: பெரியப்பா! கட்டாயம் வேணும். வேற வேற மெஷின்லேர்ந்து தனித்தனியா கிடைச்சா இன்னும் நல்லது

பெரியப்பா: எதுல பிடிக்கணும்?

அக்கா: வாய் அகலமான கண்ணாடி பாட்டில் நான் அனுப்பறேன். பிளாஸ்டிக்ல வேண்டாம். அந்தத் தண்ணியாலயே ஒரு தடவை அலசிட்டுப் பிடிக்கற பழக்கம் இருக்கும், அதைச் செய்யாதீங்க. நேராப் பிடிங்க. வாய் வரைக்கும் நிரப்பி வழிய விடாதீங்க. அன்னைக்கே என்கிட்ட வந்துடணும்

பெரியப்பா: வேற பாட்டிலுக்கு மாத்தவும் கூடாது, அப்படித்தானே? பாட்டிலோட குடுத்துடறேன்

அக்கா: ஆமா பெரியப்பா, பாட்டிலோட